கம்பைன் மெத்ஸ் ஸ்பீட் கிளாஸ விடலாமா, இருக்கலாமா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

மலையகத்துல ஹட்டன் பக்கம் ஏஎல் (உயர்தர) பிள்ளைகளுக்கு கம்பைன் மெத்ஸ், அதாவது இணைந்த கணிதம் சொல்லிக் குடுக்குற ஆள் நான். ஒவ்வொரு வருசமும் ஓஎல் (சாதாரண தரம்) முடிச்ச பெட்ச் ஒன்னு உள்ள வந்து ரெண்டு மூணு மாசம் போனதும் அம்மா அப்பாமாருட்ட இருந்து இதே கேள்விங்கதான் வருது, பிள்ளைகளும் தனியா வந்து கேக்குறாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன், வேணும்ங்குறத மட்டும் படிச்சுக்கங்க.

ஸ்பீட் கிளாஸ்னா என்ன சேர்? சாதாரண கிளாஸ்தானே அதுவும்?

இல்ல. ஓஎல் எழுதி முடிச்ச கையோட, ரிசல்ட் வர முந்தியே ஏஎல் டியூசன் கிளாஸ் தொடங்கிருவாங்க, அது எல்லாருக்கும் தெரியும். ஸ்பீட் கிளாஸ்ல என்ன செய்வாங்கனா, ஸ்கூல்ல ரெண்டு வருசத்துக்கு இழுக்குற சிலபஸ ஒரு வருசம் சொச்சத்துல தியரி எல்லாம் முடிச்சிட்டு மிச்ச காலம் பூரா பாஸ்ட் பேப்பர், ரிவிஷன்னு போவாங்க. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது அருமையான ஏற்பாடு, நான் குறை சொல்லல. ஆனா சேர் வகையீட்டுக்குப் போயிட்டாரு, பிள்ள இன்னும் திரிகோணகணிதத்துல நிக்குதுனா அங்கதான் பிரச்சினை தொடங்குது, ஏன்னா கம்பைன் மெத்ஸ் சங்கிலி மாதிரி பாடம், திரிகோணகணிதம் சரியா வராம வகையீடு வராது, அது ரெண்டும் இல்லாம தொகையீட்டுல கைய வைக்க ஏலாது. கெமிஸ்ட்ரில ஒரு யூனிட்ட விட்டுட்டு அடுத்ததுக்குப் போயி கொஞ்சமாச்சும் சமாளிக்கலாம். இங்க அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

மகன் மூணு மாசமா போறான், ஒன்னும் வெளங்கலனு சொல்றான். மெத்ஸ விட்டுட்டு வேற ஸ்ட்ரீம் பாக்கவா?

கொஞ்சம் பொறுங்க. கிளாஸ விடுறது ஒரு முடிவு, மெத்ஸ் ஸ்ட்ரீம (மெத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் சேந்த பாடப்பிரிவு) விடுறது இன்னொரு முடிவு. நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒன்னாப் போட்டு குழப்பிக்கிறாங்க, "கிளாஸ் வெளங்கல, அப்ப நமக்கு மெத்ஸ் வராது"னு நேரா கொமர்ஸுக்கோ ஆர்ட்ஸுக்கோ கொண்டு போயி விட்டுர்றாங்க. வேகம் ஒத்துவராத பிள்ளைக்கு பாடமும் ஒத்துவராதுனு யாரு சொன்னது? மொதல்ல வேகத்த மாத்திப் பாருங்க. மெதுவாப் போற கிளாஸ் ஒன்னுல ஒரு தவணை இருந்து பாத்துட்டு, அப்பவும் வரலனா ஸ்ட்ரீம் பத்தி யோசிக்கலாம். இந்த வரிசைய மாத்தாதீங்க, ஏன்னா கிளாஸ விட்டா திரும்ப சேரலாம், ஸ்ட்ரீம விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு திரும்பி வர்றது லேசுப்பட்ட காரியமில்ல.

வெளங்கலங்குறது சோம்பலா, இல்ல நெசமாவே ஏலாம இருக்கானு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நாங்க படிக்காத ஆளுங்க.

இதுக்கு நீங்க மெத்ஸ் படிச்சிருக்கணும்னு இல்லங்க. கொப்பிய வாங்கிப் பாருங்க. கிளாஸ்ல எழுதுன கொப்பி ஒன்னு இருக்கும், வீட்டுல கணக்கு செய்யுற கொப்பி ஒன்னு இருக்கணும். கிளாஸ் கொப்பி கலர் பேனால கோடு போட்டு அழகா நெறஞ்சு இருந்து வீட்டுக் கொப்பி வெறுமனே கெடந்தா, பிள்ள போர்ட்ட பாத்து எழுதிட்டு வருதுனு அர்த்தம். அத வச்சே சோம்பல்னு முடிவு கட்டிராதீங்க, கணக்க எப்படித் தொடங்குறதுனே தெரியாத பிள்ளையும் கொப்பிய தொறக்காது.

வீட்டுக் கொப்பில வெட்டி வெட்டி, பாதி செஞ்சு, அங்கங்க நின்னு போயிருந்தா அது நல்ல அடையாளம். அந்தப் பிள்ள போராடுது. அந்த மாதிரி பிள்ளைக்கு பெரும்பாலும் வேகம்தான் சிக்கல், மூளைல ஒரு குறையும் இல்ல.

அடுத்தது, பக்கத்துல ஏஎல் முடிச்ச அண்ணனோ அக்காவோ இருந்தா ஒரு அரை மணித்தியாலம் ஒக்கார வச்சு ஓஎல் கணக்கே கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு அட்சரகணிதப் பின்னத்த கூட்டி சுருக்குறது, இருபடிக் கோவை ஒன்ன காரணியாக்குறது, வர்க்கப்பூர்த்தி, சமனிலி, மடக்கை, செங்கோண முக்கோணத்துல சைன் கொசைன். இதுல தடுமாறுனா ஸ்பீட் கிளாஸ் சேர் என்னதான் தலைகீழா நின்னு சொல்லிக் குடுத்தாலும் ஏறாது, ஏன்னா அவரு இதெல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டுதான் அடுத்த வரிய எழுதுறாரு. இது ஒரு மாசம் ரெண்டு மாசம் ஒக்காந்தா சரி பண்ணக்கூடிய ஓட்டை. இத எல்லாம் சுத்தமா செஞ்சும் ஏஎல் பாடம் மட்டும் ஓடலனா அப்ப வேற மாதிரி யோசிக்கணும்.

கடைசியா பிள்ளைட்டயே கேளுங்க, "கிளாஸ் வெளங்குதா"னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாப் பிள்ளையும் "ம்"னு சொல்லும். "போன கிழமை என்ன பாடம், அதுல எந்த எடத்துல விட்டுப் போச்சு"னு கேளுங்க. எடத்த சொல்லத் தெரிஞ்சா அந்தப் பிள்ள தப்பிச்சுது. "எல்லாமே வெளங்கல"னு சொன்னா எங்க அறுந்ததுனே தெரியலனு அர்த்தம், அந்தப் பிள்ளைய அந்த கிளாஸ்ல இன்னும் ஒரு மாசம் வச்சிருக்கறதுல ஒரு பிரயோசனமும் இல்ல.

ஓஎல்ல மெத்ஸுக்கு ஏ எடுத்த பிள்ள சேர் இவ. இப்ப 20, 25 எடுக்குறா. எப்படி இப்படி ஆச்சு?

ஓஎல் ஏ நல்ல விசயம்தான், ஆனா அது ஏஎல் மெத்ஸுக்கு கேரண்டி இல்ல. ஓஎல்ல முறைய பழகி வச்சா மார்க்ஸ் வந்துரும். ஏஎல்ல ஒரே கேள்விக்குள்ள மூணு யூனிட்ட கலந்து கேப்பான், எந்த முறைய எடுக்குறதுனு முடிவு பண்றதே பாதி வேலை. அதனால மொத தவணைல கீழ விழுறது ரொம்ப சாதாரணம்.

இன்னொன்னு, கிளாஸ் டெஸ்ட் மார்க்ஸ மட்டும் வச்சு தீர்ப்பு எழுதாதீங்க. சில சேர்மார் பிள்ளைகள முடுக்குறதுக்காகவே கஷ்டமா பேப்பர் அடிப்பாங்க. நெசமான பேப்பர் எப்படினா, தூய கணிதம் ஒன்னு பிரயோக கணிதம் ஒன்னுனு ரெண்டு பேப்பர், ஒவ்வொன்னும் மூணு மணித்தியாலம். ஒவ்வொன்னுலயும் ஏ பகுதில சின்னக் கேள்வி 10, அத்தனையும் கட்டாயம், ஒன்னுக்கு 25. பி பகுதில பெரிய கேள்வி 7 தருவாங்க, அதுல 5 செய்யணும், ஒன்னுக்கு 150. மொத்தம் 1000. இப்ப கணக்கு பாருங்க, ஏ பகுதிய முக்கால்வாசி சரியா செஞ்சு, பி பகுதில மூணு கேள்வியாவது உருப்படியா செய்யுற பிள்ள பாதிக்கு மேல தாண்டிரும். மெதுவான கிளாஸ்ல இருந்துக்கிட்டே இதச் செய்யலாம். ஸ்பீட் கிளாஸ்ல எல்லா யூனிட்டையும் தொட்டும் தொடாம போன பிள்ளைக்கு ஏ பகுதியே தகராறு.

பிரயோகத்த கவனிக்காம விடுறதும் ஒரு வியாதி, வகையீடு தொகையீட்டு பின்னாலயே ஓடிட்டு நிலையியல், சார்பு வேகம், நிகழ்தகவுனு மார்க்ஸ் எடுக்கக்கூடிய எடத்த விட்டுர்றாங்க. உங்க மகள் எந்தப் பேப்பர்ல விழுறானு பிரிச்சுப் பாருங்க. பிரயோகத்துல மட்டும்னா கிளாஸ விடத் தேவையே இல்ல.

நீங்க லேசா சொல்லிட்டீங்க, எங்க பக்கம் தமிழ்ல ஏஎல் மெத்ஸ் எடுக்குறதுக்கு அந்த ஒரு சேர்தான் இருக்காரு. அவர விட்டா யாருட்ட போறது?

இதுதான் மலையகத்துல நெசமான கேள்வி. கொழும்புலயோ யாழ்ப்பாணத்துலயோ ஒரு கிளாஸ் ஒத்துவரலனா ரோட்ட கடந்து அடுத்த கிளாஸுக்குப் போயிருவான். இங்க 1ஏபி ஸ்கூல், அதாவது ஏஎல் சயன்ஸ் மெத்ஸ் இருக்குற ஸ்கூல், தமிழ் மீடியத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான், தோட்டத்து ஸ்கூல் பெரும்பாலானது 11ஆம் தரத்தோடயோ அதுக்கு முன்னமேயோ நின்னுரும். இருக்குற ஸ்கூல்லயும் மெத்ஸ் டீச்சர் டிரான்ஸ்பர்ல போனா அந்த எடம் எத்தன மாசம் சும்மா கெடக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால "விட்டுருங்க"னு நான் கண்ண மூடிக்கிட்டு சொல்ல மாட்டேன். மாத்துக்கு ஒன்னு கைல இல்லாம இருக்குறத விடாதீங்க.

அதே சேர்ட்ட அடுத்த வருச பெட்ச் ஒன்னு இருக்குமே, அதுல ஒக்காரலாமானு கேளுங்க. முன்னுக்கு ஓடுற பெட்ச்ல இருந்து எறங்கி பின்னாடி வர்ற பெட்ச்ல அதே பாடத்த மொதல்ல இருந்து கேக்குறது வெக்கக்கேடு ஒன்னும் இல்ல. பரீட்சைக்கு நாள் போதுமானு மட்டும் எண்ணிப் பாத்துக்கங்க. சில சேர்மார் காசு வாங்காமலே ஒக்கார விடுவாங்க. ஸ்கூல் டீச்சர் ஒழுங்கா வர்ற ஸ்கூல்னா ஸ்கூல் பாடத்தையே அடிப்படையா வச்சுக்கிட்டு டியூசன பேப்பர் கிளாஸுக்கு மட்டும் வச்சுக்கலாம். பேராதனையிலயோ மொறட்டுவயிலயோ கெம்பஸ்ல (பல்கலைக்கழகத்துல) படிக்கிற நம்ம பிள்ளைங்க லீவுக்கு வர்றப்ப, ரெண்டு மூணு பேரா சேந்து அவங்கட்ட ஒக்காருங்க, அட்சரகணித ஓட்டைய அடைக்க இத விட நல்ல வழி நான் பாக்கல. தேசிய கல்வி நிறுவகத்தோட கம்பைன் மெத்ஸ் வளநூல் தமிழ்ல இருக்கு, அவங்க சைட்ல சும்மாவே எறக்கிக்கலாம். கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவ சைட்லயும் பாடம் கெடக்கு. ஒன்லைன் ரெக்கோர்டிங் கிளாஸும் இருக்கு, நிப்பாட்டி நிப்பாட்டி பாக்கலாம், மெதுவான பிள்ளைக்கு அது வரம், சிக்னல் இருக்குற லயமா (தோட்டத்து லைன் வீடு) இருந்தா.

பயோவுக்கோ கொமர்ஸுக்கோ மாறினா ஈசியா கெம்பஸ் போயிரலாம்னு சொல்றாங்களே?

யாரு சொல்றாங்கனு கேட்டீங்களா? அவங்க பிள்ள போயிருக்கானு பாருங்க மொதல்ல.

இசட் ஸ்கோர் எப்படி வருதுனு தெரிஞ்சா இந்தப் பேச்சு கொறஞ்சிரும். 2001 இல இருந்து கெம்பஸுக்கு எடுக்குறது வெறும் மார்க்ஸ வச்சு இல்ல. ஒவ்வொரு பாடத்துலயும் நீங்க எடுத்த மார்க்ஸ்ல இருந்து அந்தப் பாடத்தோட சராசரிய கழிச்சு, அத நியம விலகலால பிரிக்கிறாங்க, மூணு பாடத்துக்கும் வர்றத கூட்டி சராசரி எடுக்குறாங்க. அப்ப எல்லாரும் நல்லா செய்யுற பாடத்துல 70 எடுத்தாலும் சராசரி ஒசரமா இருந்தா ஸ்கோர் ஏறாது, எல்லாருக்கும் கஷ்டமான பாடத்துல 55 எடுத்து அது சராசரிக்கு மேல நின்னா நல்ல ஸ்கோர் வரலாம். "ஈசியான பாடம்"ங்குறதுக்கு கெம்பஸ் கணக்குல பெருசா அர்த்தமில்ல.

பயோவுக்கு மாறினா பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் கையோட வரும், பயோலொஜிய மட்டும் பிந்தி தொடங்கணும். படிச்சு மனசுல வச்சிக்கக்கூடிய பிள்ளைனா சரி, கணக்குக்கு பயந்து மட்டும் போனா பிசிக்ஸ்ல அதே கணக்கு திரும்ப வந்து நிக்கும். கொமர்ஸுக்குப் போனா மூணு பாடமும் புதுசு. டெக்னோலொஜி ஸ்ட்ரீம் 2013 இல கொண்டு வந்தாங்க, நல்ல வழிதான், ஆனா எல்லா ஸ்கூல்லயும் இல்ல. இன்னொரு வழிய நெறையப் பேரு யோசிக்கிறதே இல்ல, கெமிஸ்ட்ரிதான் உயிர வாங்குதுனா மெத்ஸ், பிசிக்ஸோட ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) எடுக்கலாம். எஞ்சினியரிங் கதவு மூடிரும், அதுக்கு கெமிஸ்ட்ரி வேணும், ஆனா மத்த கதவு சிலது தொறந்தே இருக்கும். பல பிள்ளைங்க மெத்ஸாலதான் கஷ்டப்படுறோம்னு நெனச்சுக்கிட்டு கெமிஸ்ட்ரியால மூழ்கிட்டு இருப்பாங்க, மூணு பாடத்து மார்க்ஸையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

நுவரெலியா மாவட்டத்துக்கு கட் ஓஃப் (கெம்பஸ் போக வேண்டிய ஆகக் கொறஞ்ச இசட் ஸ்கோர்) கொறவுதானே, எப்படியாச்சும் இழுத்துட்டு இருந்தா கெடச்சிராதா?

பாதி உண்மை. கெம்பஸ் எடங்கள் பெரும்பாலானதுல 40 வீதம் அகில இலங்கை திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வில பின்தங்குன மாவட்டங்களுக்குனு பிரிப்பாங்க. அந்தப் பட்டியல்ல நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி எல்லாம் இருக்கு, கண்டி இல்ல. அதனால நம்ம பக்கத்து பிள்ளைக்கு கொஞ்சம் கைகுடுக்கும், பொய்யில்ல. ஆனா அதுக்கும் மூணு பாடமும் பாஸ் ஆகணும், ஏஎல்லோட சேத்து எழுதுற பொதுச் சாதாரண பரீட்சைல (கொமன் ஜெனரல் டெஸ்ட்) 30 புள்ளியாச்சும் வேணும். ஒரு பாடத்துல எஃப் விழுந்தா எந்த மாவட்டமும் காப்பாத்தாது. "இழுத்துட்டு இருக்குறது" ஆபத்தாகுறது இங்கதான்.

நல்ல கிளாஸுக்காக பிள்ளைய கண்டிப் பக்கம் ஸ்கூல் மாத்தப் போறீங்கனா, மாவட்டத்த எத வச்சு தீர்மானிக்கிறாங்கனு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோட கையேட்டுல வாசிச்சிட்டு மாத்துங்க.

மெத்ஸ வச்சுக்கிட்டு எஞ்சினியர் ஆகலனா என்ன பிரயோசனம்?

ஐயோ. பெளதிக விஞ்ஞானம், புள்ளிவிபரவியல், நில அளவை, கணிய அளவியல், கொம்பியூட்டர்னு எவ்வளவோ இருக்கு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி கண்ணுக்கு முன்னாலயே இருக்கு, மெத்ஸ் டீச்சர் இல்லாம நம்ம ஸ்கூல்கள் கெடக்குற நெலமைல ஒரு பிள்ள அந்தப் பக்கம் போனா நான் சந்தோசப்படுவேன்.

எந்த காலத்துக்குள்ள முடிவு எடுக்கணும்?

கிளாஸ் மாத்துறதுனா சீக்கிரம், வெளங்கலனு தெரிஞ்ச மாசத்துலயே. ஸ்ட்ரீம் மாத்துறதுனா 12ஆம் தரத்து மொத தவணை முடிவுக்குள்ள, மிஞ்சிப் போனா ரெண்டாம் தவணை. அதுக்குப் பெறகு மாறினா புதுப் பாடத்த முடிக்க நாள் பத்தாது. ஸ்கூல் மூலமா பரீட்சை எழுதுறதுக்கு 80 வீத வரவும் வேணும், அதனால கிளாஸ கட்டிக்கிட்டு ஸ்கூல கட் பண்ற பழக்கம் இருந்தா அதையும் இப்பவே நிப்பாட்டுங்க. அதிபர்ட்ட மொதல்ல பேசுங்க, அந்த ஸ்கூல்ல அந்த ஸ்ட்ரீம்ல எடமும் டீச்சரும் இருக்கானு தெரியாம மாறி என்ன செய்யுறது.

மூணு ஷை (பரீட்சை எழுதுற தடவை) இருக்குனு சொல்லி முடிவ தள்ளிப்போடுறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது ஷைல நல்லா எடுத்தவங்க நெறைய இருக்காங்க, ஆனா அதுக்கும் ஒரு வருசத்து சாப்பாடு, பஸ் காசு, கிளாஸ் ஃபீஸ் வீட்டுலதான் தாங்கணும்.

சேர், எனக்கு கிளாஸ விட விருப்பமில்ல. கிளாஸ் முடிஞ்சு வர இருட்டிருதுனு அப்பா நிப்பாட்ட சொல்றாங்க. மார்க்ஸ் பரவால்ல.

தங்கச்சி, இது மெத்ஸ் பிரச்சினை இல்ல, பஸ் பிரச்சினை. பஸ் பிரச்சினைய பஸ் வச்சு தீக்கணும். கடைசி பஸ்ல எறங்கி மிஸ்ட்டுக்குள்ள (பனிமூட்டத்துக்குள்ள) தோட்டத்து டிவிசன் வரைக்கும் நடக்குறது பயம்தான், அப்பா சொல்றத தப்புனு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதே பக்கத்துல இருந்து வர்ற பிள்ளைகள் சேந்து வேன் ஒன்னு பேசலாம், ஞாயித்துக்கிழமை காலை குரூப்புக்கு மாத்தித் தரச் சொல்லி சேர்ட்ட கேக்கலாம். மழைக் காலத்துல ரோடு மூடிருச்சுனா ரெக்கோர்டிங் கேளுங்க, 2025 நவம்பர்ல டித்வா புயல்ல ஏஎல் பரீட்சையே நடுவுல நின்னத எல்லாரும் பாத்தோம், அதனால கேக்குறதுக்கு யாரும் கோவிக்க மாட்டாங்க. அப்பாட்ட உங்க மார்க்ஸ் பேப்பர காட்டிப் பேசுங்க, அம்மாவையும் பக்கத்துல வச்சுக்கங்க. ஒன்னும் சரிவரலனா டீச்சர் ஒருத்தர வீட்டுக்கு கூட்டிட்டு போங்க, நம்ம ஆளுங்க டீச்சர் பேச்ச தட்ட மாட்டாங்க.

ஃபீஸ் கட்ட ஏலாமத்தான் நிப்பாட்டப் போறோம், ஆனா பிள்ளைட்ட "ஒனக்கு வராது"னு சொல்லிட்டோம்.

இத மட்டும் செய்யாதீங்க, தயவு செஞ்சு. மழைக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்ட மாசத்துல மூணு கிளாஸுக்கும் காசு கட்ட முடியாதுங்குறது பிள்ளைக்கும் தெரியும், லயத்துல எதுவும் மறைக்க ஏலாது. காசு இல்லனா காசு இல்லனே சொல்லுங்க. "வராது"னு ஒருக்கா சொன்னா பிள்ள அத நம்பிரும், பெறகு காசு வந்தாலும் படிப்பு வராது. சேர்ட்டயும் நேரா சொல்லுங்க, பாதி ஃபீஸுக்கு படிக்கிற பிள்ளைங்க எல்லா கிளாஸ்லயும் இருக்காங்க, வெளிய தெரியாது அவ்வளவுதான்.

விட்டுட்டா சொந்தக்காரங்க, லயத்து ஆளுங்க என்ன பேசுவாங்க?

பேசுவாங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கும் பேசுவாங்க. அடுத்த கேள்வி.

சரி, விடுறதுனு முடிவு பண்ணிட்டோம். சேர்ட்ட எப்படி சொல்றது? சொல்லாம நின்னுரலாமா?

சொல்லாம நிக்காதீங்க. நாளைக்கு பேப்பர் கிளாஸுக்கோ ரிவிஷனுக்கோ திரும்ப அவருட்டதான் போகணும், நம்ம டவுன்ல வேற ஆள் இல்லனு நீங்கதானே சொன்னீங்க. பிள்ளையும் அப்பாவோ அம்மாவோ ஒராளும் சேந்து போங்க, கிளாஸ் தொடங்க முந்தி போகாம முடிஞ்ச பெறகு போங்க. "சேர், வேகம் இவனுக்கு கொஞ்சம் கூடிருச்சு, ஒரு தவணை மெதுவா படிச்சிட்டு பேப்பர் கிளாஸுக்கு வர்றோம்"னு சொன்னா போதும். எந்த யூனிட்ல இருந்து திரும்ப தொடங்கணும்னு அவருட்டயே கேளுங்க, அவருக்கு பிள்ளையோட கொப்பி தெரியும். அந்த மாசத்து ஃபீஸ் பாக்கி இருந்தா குடுத்துருங்க, அவரு தர வேண்டிய டியூட் (அச்சடிச்ச பாடக் குறிப்பு) மிச்சம் இருந்தா அதையும் கேட்டு வாங்கிட்டு வாங்க, நீங்க காசு குடுத்தது.